அந்தக் ‘கும்’

இசைக்குழு மாஸ்டரிடமிருந்து போன் வந்தபோது நான் ஒரு பிஸ்கட் விளம்பரத்தின் மொறுமொறுப்புச் சத்தத்துக்காகக் காய்ந்த இலைகளை மிதித்துக்கொண்டிருந்தேன். மிதிப்பது என்றால் சும்மா இல்லை. செருப்பு, வளையல், கடிகாரம், கம்மல் என்று சத்தம் போடக்கூடிய அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு, மைக்குக்கு முன்னால் தாளம் தப்பாமல் மிதிக்க வேண்டும். தட்ட, குலுக்க, உரச, மிதிக்க என்று எது வேண்டுமானாலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் பற்பசைக்கு மணி, மதியம் சினிமாவுக்குக் குதிரைக் குளம்பு, சாயங்காலம் காதல் பாட்டுக்குப் போங்கோ மேளம். குதிரையை நான் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. ஆனால் சினிமாவில் ஓடிய பாதிக் குதிரைகளின் கால்கள் என்னுடையவை.

“டூர் போறோம். பத்து ஊர். தாளத்துக்கு நீங்க வர்றீங்களா?” என்றார் மாஸ்டர்.

நான் குதித்த குதியில் இலையெல்லாம் பறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், “மேடம், பிஸ்கட் இவ்வளவு சந்தோஷமா இருக்கக் கூடாது” என்றார்.

அவருக்கு என்ன தெரியும்? கூடத்தில் வாசிப்பது ஒரு சுகம்தான். தப்பு விட்டால் திரும்ப வாசிக்கலாம், தலை சீவாமல் போகலாம். ஆனால் மேடை வேறு. முதல் அடி விழுந்ததும் இருட்டுக்குள்ளிருந்து ஆயிரம் தொண்டைகள் கத்துமே, அதைக் கேட்டவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நான் மேடை மேடையாகச் சுற்றியவள். பஸ்ஸில் கொங்கா மேளத்தின் மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். மகள் பிறந்தாள், அதோடு நின்றது. ‘கைக்குழந்தைக்காரி, பாவம்’ என்று எனக்காகக் கச்சேரிக்காரர்கள் அவர்களே பாவப்பட்டு, அவர்களே முடிவெடுத்து, அவர்களே வேறு ஆளையும் போட்டுக்கொண்டார்கள். கைக்குழந்தை பள்ளிக்கூடம் போய், பல் விழுந்து, பல் முளைத்து, என்னையே எதிர்த்துப் பேசவும் ஆரம்பித்துவிட்டது. இவர்கள் பாவப்படுவது மட்டும் நிற்கவில்லை.

அதனால்தான் இந்த டூர் எனக்கு உயிர். இதில் ஏறிவிட்டால் மறுபடி மேடைக்காரி. இதையும் விட்டால் கடைசி வரை இலை மிதிக்க வேண்டியதுதான்.

ஒத்திகை ஒரு பழைய கிடங்கில் நடந்தது. தரையெல்லாம் கம்பளம், கம்பளத்துக்கு மேலெல்லாம் வயர். சத்தம் வரும் என்று மின்விசிறியையும் போட விடமாட்டார்கள். வேர்த்துக் கொட்டியது. எனக்கு அது பன்னீராக இருந்தது. இரண்டு கொங்கா, ஒரு ஜோடி போங்கோ, தொங்கும் மணிச்சரம், ஒரு பை நிறையக் குலுக்கிகள், மூன்று மண்பானைகள் என்று எனக்கென ஒரு மூலையைக் கட்டிக்கொண்டேன். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, காலில் சலங்கை என்று ஒரே நேரத்தில் மூன்று பேர் வேலையைப் பார்த்தேன். டிரம்ஸ் வாசிக்கிற பையனை எல்லோரும் ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். “அக்கா, நீங்க மனுஷியா, கடையா?” என்றான்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தப் பாட்டு வரும் வரை.

யாருக்காக இந்த டூரோ, அந்தப் பாடகியின் பெயரை ஊருக்கெல்லாம் சொன்ன பாட்டு அது. அக்கா என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். பாட்டின் ஆரம்பத்தில் வேறு எதுவும் கிடையாது. பானை மட்டும் தனியாகப் பேசும். பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விட்டும் தட்டினால் சத்தம் மாறும் என்பது பானை வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பாட்டில் நான்காவது அடியில் ஒரு ‘கும்’ வரும். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி உருண்டு எழும்பி, முடியும்போது லேசாக ஒரு எகிறு எகிறும். அந்த ஒரு சத்தத்துக்காகவே பாட்டைக் கேட்டவர்கள் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதை ஒலிப்பதிவில் வாசித்தது சாட்சாத் நானேதான்.

பானையைத் தூக்கி மடியில் வைத்தேன். தட்டினேன். ‘தொம்’ என்றது.

மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கினார். மறுபடி தட்டினேன். ‘தொப்’. பானையை மாற்றினேன். ‘தம்’. மூன்றாவது பானை ‘டொக்’ என்று என் மானத்தை வாங்கியது.

“இது இல்லீங்களே” என்றார் மாஸ்டர்.

“தெரியுது” என்றேன். வாசித்தவளுக்குத் தெரியாதா?

பாடகி கண்ணை மூடிக் காத்திருந்தார். திறந்தார். “எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் பாட்டு வாயில வரும். கோவிச்சுக்காதம்மா” என்றார். அவர் அன்பாகச் சொன்னதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அந்தக் காலத்துப் பதிவிலிருந்து என் ‘கும்’மை வெட்டி எடுத்து, தட்டினால் சத்தம் வருகிற ஒரு மின்பலகையில் ஏற்றி வைத்திருந்தான் இடி. தட்டிக் காட்டினான். சத்தம் வந்தது. ஆனால் அன்று பாடகியும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்ததால், ஒவ்வொரு ‘கும்’முக்குப் பின்னாலும் அவர் மூச்சு இழுப்பதும் சேர்ந்து வந்தது. ‘கும்-ஹா, கும்-ஹா.’ பாடகி விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்கு முன்னாடி நானே மூச்சு வாங்கறேன்!” என்றார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றி எரிந்தது. என் சத்தம் ஒரு பலகைக்கு வருகிறது, எனக்கு வரவில்லை.

கிளம்பும்போது மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நாளைக்குக் கடைசி ஒத்திகை. டூர் மேனேஜர் வந்து டிக்கெட் போட்டுருவார். பானைக்குன்னே ஒருத்தர் இருக்கார், அவரை வரச் சொல்லவான்னு யோசிக்கிறேன். நாளைக்கு வாசிச்சுக் காட்டுங்க, பாப்போம்” என்றார்.

அந்தப் பானைக்காரரை எனக்குத் தெரியும். நல்ல கை. அதுதான் பயமே.

வீட்டுக்குப் போய், இருந்த பானைகளையெல்லாம் கூடத்தில் இறக்கினேன். என் வீட்டுக்காரர் தையல்காரர். கூடத்தின் ஒரு பாதி அவர் கடை, மறு பாதி என் கடை. பள்ளிக்கூடச் சீருடைகளும் பானைகளுமாக நடக்க இடமில்லாமல் போனது. பானையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். அடுப்புச் சூட்டில் காய வைத்தேன். குளியலறையில் உட்கார்ந்து வாசித்தேன். சுவரைப் பார்த்து, கதவைப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் பானையைத் தள்ளியும்கூட வாசித்தேன். அன்றைய மைக் வேறோ, அறை வேறோ, மண் வேறோ, மழைக்காலமோ என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஒரே நாளில் மூன்று கூடங்களுக்கு ஓடிய காலம் அது. எந்தப் பானையை எங்கே எப்படிப் பிடித்தேன் என்று எவளுக்கு ஞாபகம் இருக்கும்?

“ஏங்க, என் கைதான் போச்சா?” என்று கேட்டேன்.

“கை போகலை. வாய்தான் ஜாஸ்தியாப் போச்சு. கொஞ்சம் உக்காரு” என்றார் அவர், தையல் மிஷினை மிதித்துக்கொண்டே.

உட்கார்ந்தேன். பானையை மடியில் வைத்துக்கொண்டு வெறித்தேன். அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். எட்டு வயது, யானைக்குட்டி மாதிரி. நான் மாலையிலிருந்து அவளைக் கவனிக்கவில்லை என்று அவளுக்குக் கோபம். எனக்கும் பானைக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, மடியில் சுருண்டு படுத்துக்கொண்டாள். பானை சரிந்து அதன் வாய் அவள் முதுகில் போய் உட்கார்ந்தது.

“எந்திரிடி கழுதை” என்று எரிச்சலில் பானையை ஒரு அடி அடித்தேன்.

கும்.

இன்னொரு தடவை தட்டினேன். கும்! முழுசாக இல்லை, முக்கால் பங்கு. ஆனால் அதுதான். அதேதான்.

“அம்மா, குறுகுறுங்குது” என்று மகள் நெளிந்தாள். நெளிந்தபோது சத்தத்தின் வால் லேசாக எகிறியது.

தையல் மிஷின் நின்றது. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“அந்தப் பாட்டு நீ எப்போ வாசிச்சே?” என்றார்.

“ஒன்பது வருஷம் ஆச்சு.”

“இவ எங்க இருந்தா அப்போ?”

வயிற்றில்தான்! ஏழு மாதம் எனக்கு அப்போது! பானை மடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்ததும், கடைசியில் வயிற்று மேலேயே கவிழ்த்துச் சாய்த்துக்கொண்டதும், ஒலிப்பதிவாளர் சிரித்ததும் மளமளவென்று ஞாபகம் வந்தது. கெட்டியாக, உருண்டையாக இருந்த வயிறு பானையின் வாயை மூடி மாதிரி அடைத்திருக்கிறது. அந்த எகிறல் என் கைவரிசை என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து இவள் உதைத்திருக்கிறாள்!

பானையைச் சந்தேகப்பட்டேன், மைக்கைச் சந்தேகப்பட்டேன், மழையைக்கூட விட்டுவைக்கவில்லை. என் உடம்பை மட்டும் நினைத்தும் பார்க்கவில்லை. பானையில் கீறல் விழுந்தால் கவனிப்போம், மேளத்தின் தோல் தளர்ந்தால் கவனிப்போம். வாசிக்கிறவளைத் தவிர எல்லாமே வாத்தியம்தான் எங்களுக்கு.

“நான்தான் வாசிச்சேனா?” என்று மகள் குதித்தாள். “நானும் டூர் வர்றேன்!”

“நீ முதுகைக் காட்டிட்டு மேடையில படுத்துக்கிட்டா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? எனக்கு வயிறு வேணும்” என்றேன்.

“தைச்சுடலாம்” என்றார் தையல்காரர்.

மனிதர் வேலையில் இறங்கினால் இறங்கியதுதான். அந்த மாதங்களில் என் உடுப்பையெல்லாம் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கித் தந்தவர் அவர்தானே! அளவு நாடாவை எடுக்காமலேயே துணியை வெட்டினார். “உன் அளவு எனக்கு மறக்குமா?” என்றார். அந்த அவசரத்திலும் எனக்கு வெட்கம் வந்தது. முதலில் பஞ்சு அடைத்தோம். பஞ்சு சத்தத்தை முழுங்கி ஏப்பம் விட்டது. துணிக் கழிவைத் திணித்தோம். சொதசொதவென்றது. அரிசி போட்டோம், கிலுகிலுப்பை ஆனது. அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மகளின் கால்பந்தைப் பார்த்தோம்.

“தர மாட்டேன்” என்றாள் மகள்.

புதுப் பந்து, அதுவும் பச்சை நிறத்தில், என்று பேரம் முடிந்தது. பந்தை உறைக்குள் வைத்துத் தைத்து, முதுகில் குறுக்கே போகிற மாதிரி நாடா வைத்தார். முழுக்கக் காற்று அடித்தபோது சத்தம் குழந்தை மாதிரி துள்ளியது. கொஞ்சம் இறக்கினோம். இன்னும் கொஞ்சம். தட்டினேன்.

கும்! கிணற்றுக்குள்ளிருந்து எழும்பி, முடிவில் எகிறியது! நான் கத்தினேன், மகள் கத்தினாள், வீட்டுக்காரர் தையல் மிஷினைத் தட்டித் தாளம் போட்டார். அந்த மனிதருக்குத் தாளமே வராது. அன்றைக்கு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் வீட்டிலேயே கட்டிக்கொண்டு கிளம்பினேன். நாடா முதுகுப் பக்கம், எனக்குக் கை எட்டாது, வீட்டுக்காரர்தான் கட்டிவிட வேண்டும். கோணம் ஒரு விரல் மாறினாலும் சத்தம் போய்விடும். தொளதொள சட்டையை மேலே மாட்டிக்கொண்டு பானையோடு பஸ்ஸில் ஏறினால், ஒரு காலேஜ் பெண் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள். மறுக்க மனமில்லை, உட்கார்ந்துகொண்டேன்.

கிடங்கு வாசலில் டூர் மேனேஜர் நின்றிருந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் கேள்விப்பட்டிருந்தேன். எதற்கும் பறக்கிற ஆள் என்பதால் அவருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். காதில் ஒரு போன், கையில் ஒரு போன். என் முகத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

“நீங்கதான் தாளமா? மேடம், இதை யாருமே என்கிட்ட சொல்லலையே! இந்த நிலைமையில டூரெல்லாம் வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

இதே வார்த்தைகளை, ஒரு எழுத்து மாறாமல், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டு பதிவான கையோடு வெளிவந்து, பாடகி முதல் முறையாக ஊர் ஊராகக் கிளம்பியபோது வேறொரு மேனேஜர் சொன்னது. எனக்குத் தெம்பு இருந்தது, டாக்டரும் போகலாம் என்றிருந்தார். யாரும் கேட்கவில்லை. என் நல்லது எனக்கு என்ன தெரியும்?

‘ஐயா, இது பந்து’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. வீம்பு என்றால் வீம்புதான். இவர் முதலில் என் வாசிப்பைக் கேட்கட்டும், கேட்டபிறகு என்ன செய்கிறார் பார்ப்போம் என்று தோன்றியது. என் இடமே போனாலும் சரி.

“முதல்ல பாட்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன். பின்னாலேயே அவர் போனில் பேசுவது கேட்டது. “பானை வாசிக்கிறவரா? உடனே கிளம்ப முடியுமா?”

என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர்களுக்கு முழி பிதுங்கியது. நேற்றுச் சாயங்காலம் தட்டையாகப் போனவள் காலையில் ஏழு மாதமாக வந்து நின்றால்? இடி வாயைத் திறந்தான்.

“யாரும் பேசக் கூடாது” என்றேன். உட்கார்ந்து பானையைச் சாய்த்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. கும்!

பாடகியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. மாஸ்டர் கையைத் தூக்கியபடியே உறைந்துபோனார். நான் விடவில்லை. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, அந்தக் கிடங்கின் தகரக்கூரை அதிரும்படி வாசித்தேன். எந்த இடத்தில் என்று தெரியாது, பாடகி பாட ஆரம்பித்திருந்தார். அவர் இழுத்தால் நான் காத்திருந்தேன், அவர் ஓடினால் நான் முந்தினேன். இடி சேர்ந்தான், மாஸ்டர் சேர்ந்தார். உள்ளங்கை சிவந்து காந்தியது. நான் சிரித்துக்கொண்டே வாசித்தேனா, அழுதுகொண்டே வாசித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மேடையே இல்லாத இடத்தில் மேடையில் இருந்தேன்.

பாட்டு முடிந்ததும் பாடகி ஓடிவந்து என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். “இதுதான்! இதேதான்! எங்கிருந்து புடிச்சே?” என்றார்.

ஓரத்து மேசையில் வந்து உட்கார்ந்திருந்த அவசரமும் கைதட்டினார். பொய் சொல்லக் கூடாது, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “அருமை மேடம், அருமை. ஆனா டிக்கெட் போட முடியாதுங்க. வேற ஆளை வரச் சொல்லிட்டேன். குழந்தை பொறந்து, கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பாக்கலாமே” என்றார்.

நான் எழுந்தேன். சட்டைக்குள் கைவிட்டு நாடாவை இழுத்தேன். பந்தை உருவி, உறையோடு அவருடைய மேசையில் வைத்தேன். அது ஒரு குதி குதித்து அவர் மடியில் விழுந்தது.

இடி சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்தே சரிந்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவசரம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அழுத்திப் பார்த்துக்கொண்டு, திருதிருவென்று விழித்தார்.

“அந்தப் பாட்டை முதல்ல வாசிச்சப்பவும் வயிறு இப்படித்தான் இருந்துச்சு” என்றேன். “அப்பவும் இதையேதான் சொன்னாங்க. அன்னைக்கு உள்ள இருந்தது பந்து இல்லீங்க, எடுத்து மேசையில வைக்க. வீட்டுக்குப் போயிட்டேன்.”

சிரிப்பு அடங்கியது. பாடகி என்னையே பார்த்தார்.

“உனக்கு வர விருப்பமில்லேன்னுல்ல என்கிட்ட சொன்னாங்க” என்றார் மெதுவாக.

“எனக்கா?” என்றேன்.

பாடகி அவசரத்தின் பக்கம் திரும்பினார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. “கிளம்பச் சொன்னவரை வேண்டாம்னு சொல்லிருங்க. இவளுக்குப் போடுங்க டிக்கெட். இப்பவே. நாளைக்கு இவளுக்கு நிஜமாவே வயிறு வந்தாலும், வரலாமா வேண்டாமான்னு முதல்ல இவளைக் கேளுங்க.”

“போடறேங்க, போடறேங்க” என்று அவசரம் இரண்டு போனையும் ஒரே நேரத்தில் அமுக்கினார். பிறகு தயங்கி என்னிடம் பந்தை நீட்டினார். “மன்னிச்சுக்குங்க மேடம். இதை... பெட்டியில போடணுமா, கையில கொண்டு வருவீங்களா?”

“கட்டிக்கிட்டுத்தான் வருவேன்” என்றேன். “ஏர்போர்ட்ல எத்தனை பேர் என் நல்லதுக்குச் சொல்றாங்கன்னு பாக்கணும்.”

“இன்னொரு தடவை பாட்டை எடுக்கலாமா?” என்றார் மாஸ்டர். எடுக்கலாம், ஆனால் முதுகு நாடாவை யார் கட்டுவது? வீட்டுக்காரர் சீருடை தைத்துக்கொண்டிருப்பார். பாடகி எனக்குப் பின்னால் வந்து நின்று, நாடாவைக் குறுக்கே இழுத்து, பாடுவதற்கு எடுத்துக்கொள்ளும் அதே கவனத்தோடு முடிச்சுப் போட்டார்.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம் இறுக்குங்கக்கா.”

இறுக்கினார். நான் பானையைச் சாய்த்துக்கொண்டேன். மாஸ்டர் கையைத் தூக்குவதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.